இரட்டைப் புனிதர்களின் மிட்டாய்ப் பை

அந்த வருடம் செப்டம்பர் இருபத்தேழு சனிக்கிழமையில் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது அம்மா ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். சமையலறை ஜன்னலின் கொக்கி சரியாக விழாது. அதற்கு ஒரு கரண்டியைக் குறுக்கே செருகினாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"யார் கூப்பிட்டாலும் கேட்டைத் திறக்காத. பை, பொட்டலம், எதையும் கையால வாங்காத. தம்பி அழுதா அழட்டும். புரிஞ்சுதா?"

தலையை ஆட்டினேன். என்னிடம் வாய்ப் பதிலை அவள் எதிர்பார்ப்பதில்லை. பள்ளியிலும் எதிர்பார்க்கவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வகுப்பே திரும்பிப் பார்த்துக் காத்திருக்கும். டீச்சர் கடைசியில் வேறு யாரையாவது கூப்பிடுவார். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று போன வருடம் அம்மா சொன்னபோது, நான் ஒரு வார்த்தை பேசாமல் பள்ளிப் பையை அலமாரி மேல் தூக்கி வைத்துவிட்டேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. தம்பி நாத்தானுக்கு மூன்று.

கோஸ்மே, டமியாவு என்ற இரட்டைப் புனிதர்களின் நாள் அது. எங்கள் புறநகர்ப் பகுதியான பெந்து ரிபெய்ரோவில் அன்றைக்குப் பிள்ளைகள் யாரும் வீட்டில் தங்க மாட்டார்கள். பள்ளிப் பைகளைக் காலி செய்து முதுகில் மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே தெருவில் இறங்கிவிடுவார்கள். வேண்டிக்கொண்டவர்கள், வேண்டுதல் பலித்தவர்கள் எல்லாரும் அன்று மிட்டாய் கொடுப்பார்கள். பச்சை அங்கியும் சிவப்பு மேலாடையுமாக இரண்டு புனிதர்களின் படம் அச்சடித்த காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். சிலர் வாசலில் நின்று கொடுப்பார்கள். சிலர் காரில் வருவார்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, ஜன்னல் வழியே நீட்டுவார்கள். ஹாரன் சத்தம் கேட்டால் நாலு தெருப் பிள்ளைகளும் அந்தக் காரைப் பார்த்து ஓடுவார்கள்.

நானும் ஓடியிருக்கிறேன். அம்மாதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். முழங்கையால் மற்றப் பிள்ளைகளை ஒதுக்கி என்னை முன்னால் தள்ளுவாள். அதெல்லாம் அவள் சபையில் சேர்வதற்கு முன்பு. சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்றால், எந்தப் பிசாசுக்குப் படைத்ததோ அதுவும் கூடவே தின்றவன் வயிற்றுக்குள் போகும் என்று போதகர் சொல்லியிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை, வேறொரு ஊரில் இந்தப் பையிலிருந்து எடுத்துத் தின்ற ஒரு சிறுவனைப் பற்றிச் சொன்னார். மூன்றாம் நாள் அவன் கிழவனின் குரலில் பேசினானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்ததில்லை. அம்மா மதுரெய்ராவில் ஓர் அழகு நிலையத்தில் தரை கூட்டுகிறாள். அங்கே வரும் பெண்கள் வெளிநாடு போய் வந்தால் மிச்சம் மீதியைக் கொடுப்பார்கள். முக்கோணமாக உடையும் டோப்ளரோன், ஜெர்மனிக்காரர்களின் கரடிப் பொம்மை மிட்டாய், ஜப்பானிலிருந்து வந்த பச்சை நிற கிட்கேட். அதையெல்லாம் அம்மா எங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்தத் தாள்களைக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தட்டையாக்கி நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் செய்தது, எந்தக் கையால் சுற்றியது என்று அம்மா ஒருபோதும் கேட்டதில்லை. கடையில் வாங்கினால் சாக்லேட் வெறும் சாக்லேட்தான். அதுவே அந்தக் காகிதப் பையில் வந்தால் விஷம்.

ஒன்பது மணி இருக்கும். பின்பக்கத்தில் துணி துவைக்கும் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தேன். மதிலுக்கு மேல் டோனா சுல்மீராவின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள்; பெரியவர்களை மரியாதைக்கு டோனா என்போம். நாற்பத்தைந்து வயதிருக்கும். உரத்த குரல். அவருடைய மகன் மூளைக் காய்ச்சலில் பிழைத்ததற்காக ஏழு வருடம், வருடத்துக்கு நூறு பை கொடுப்பதாக வேண்டிக்கொண்டவர். இது ஆறாவது வருடம்.

"இந்தா கண்ணு, உனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒண்ணு. உங்கம்மாகிட்ட சொல்ல வேணாம். அவ முன்னாடி எப்படி ஓடுவான்னு எனக்குத் தெரியாதா? என் கேட்டையே ஒரு தடவை சாய்ச்சுட்டா."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். அது தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நான் கூச்சத்தில் தயங்குகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்து விரித்து, பையை வைத்து, விரல்களை மூடிவிட்டுப் போய்விட்டார்.

அது கையில் கனத்தது. குப்பையில் போட்டால் அம்மா பார்த்துவிடுவாள். தெருவில் எறியலாமென்றால் கேட்டைத் திறக்க வேண்டும். தொட்டியில் கிடந்த அழுக்குத் துணிகளுக்கு அடியில் அதைத் தள்ளினேன். திரும்பினால் பின்னால் நாத்தான் நின்றிருந்தான், கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு.

ஒரு மணி நேரம் அழுதான். வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கதவை உதைத்தான். அவனை அடக்கத்தான் எடுத்தேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். எனக்கும் வேண்டியிருந்தது. மூன்று வருடமாகப் பார்க்காத தாள்கள். ரோஜா நிறத் தாளில் ஸோன்யு டி வால்ஸா சாக்லேட் உருண்டை. மஞ்சளில் செரெனாட்டா. தேங்காய் ருசியுள்ள ஜுக்கீன்யா மிட்டாய்கள். பல்லில் ஒட்டிக்கொள்ளும் செட்டி பேலு. இதய வடிவத்தில் வெட்டிய பூசணி இனிப்பு. அடியில் வேர்க்கடலையும் சர்க்கரையும் இடித்து அழுத்திச் செய்த பசோக்கா இரண்டு.

நான் ஒரு ஸோன்யு டி வால்ஸாவும் இரண்டு ஜுக்கீன்யாவும் தின்றேன். நாத்தானுக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தேன். கட்டி மிட்டாய் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒட்டுகிற மிட்டாயை மெல்லத் தெரியாமல் விழுங்கிவிடுவான். வாயில் வைத்ததுமே பொடிந்துபோவது பசோக்காதான். அதுதான் ஆபத்தில்லாதது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். இதுவரை அவன் அதைத் தின்றதே இல்லை. எங்கள் சபையில் ஜூன் மாதத் திருவிழாவுக்கும் போவதில்லை. பசோக்காவும் கடலையும் வீட்டுக்கு வருவதே அந்தத் திருவிழாவில்தான். அவன் முழுவதையும் தின்று, உள்ளங்கையில் ஒட்டிய பொடியையும் நக்கினான்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. உதட்டைத் தேய்த்துக்கொண்டே வந்து, "அக்கா, கடிக்குது" என்றான். மேலுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கமும் தடித்தது. சட்டையைத் தூக்கினேன். வயிறு முழுக்க சிவப்புத் தடிப்புகள், யாரோ விரல்களால் அழுத்தியது போல. ஒரு கண் பாதி மூடிக்கொண்டது. அது அவன் முகமாகவே இல்லை. வேறு யாரோ அவனுக்குள்ளிருந்து வெளியே பார்ப்பது போல் இருந்தது.

போதகர் சொன்ன சிறுவன் நினைவுக்கு வந்தான். நாத்தான் வாயைத் திறந்தால் என்ன குரல் வருமோ என்று பயந்து அவன் வாயைப் பொத்தினேன். அதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மூச்சு விடத் திணறிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயைப் பொத்தினேன்.

பிறகு அவனைக் குளியலறைக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். முழங்காலில் நின்று எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். மனசுக்குள்தான் சொன்னேன். மன்னித்துவிடு, இனி தொட மாட்டேன், அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. தடிப்புகள் வெளுக்கத் தொடங்கின. உதடு மெல்ல மெல்லப் பழையபடி ஆனது. பன்னிரண்டு மணிக்கு அவன் சோறும் பீன்ஸும் கேட்டுத் தின்றான்.

என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நம்பினேன். தாள்களைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டேன். மிச்சமிருந்த மிட்டாய்களைப் பையோடு சுருட்டித் தொட்டியின் பின்னாலிருந்த பொந்தில் அடைத்தேன். இனி இது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அம்மா இரண்டு மணிக்கு வந்தாள். கூடவே சகோதரி இவோனி, சபைக்காரர், அம்மாவைவிடப் பெரியவர். இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டே தெருவில் ஓடும் பிள்ளைகளைப் பற்றி வருத்தப்பட்டார்கள். "உன் பிள்ளைங்க வீட்டுக்குள்ள அடங்கி இருக்குதுங்க பாரு, அதுவே சாட்சி" என்று இவோனி சொன்னார். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். நான் பாத்திரம் கழுவினேன்.

நாலு மணிக்கு நாத்தான் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான். அழவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு விசில் சத்தம் கேட்டது. உதடு காலையில் இருந்ததைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை.

அம்மாவின் கையிலிருந்த குவளை விழுந்தது. அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். இவோனி எழுந்து அவன் நெற்றியில் கை வைத்தார். கைப்பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பூசினார். சத்தமாக ஜெபிக்கத் தொடங்கினார். சத்தம் ஏற ஏற அவனுடைய விசில் எனக்குக் கேட்காமல் போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த விசில் கேட்கிறவரைக்கும் அவன் இருக்கிறான்.

ஜெபத்தை நிறுத்திவிட்டு இவோனி அம்மாவிடம் கேட்டார். "ரொசினெட்டே, பிள்ளை அந்த மிட்டாய்ல எதையாவது தின்னுச்சா? தெரிஞ்சாகணும். எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு தெரியாம விரட்ட முடியாது."

"எங்கேர்ந்து திம்பான்? பொண்ணு வீட்டுல இருந்தாளே. அவ அப்படிப்பட்டவ இல்ல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தலையை ஆட்டினால் போதும், இல்லை என்று. எனக்குத் தலையாட்டத்தான் நன்றாக வருமே. சொன்னால் அம்மா இனி என்னைத் தன் பிள்ளையாகப் பார்க்க மாட்டாள் என்று தோன்றியது. தம்பிக்குள் பிசாசை ஊட்டினவள் நான். சொல்லாவிட்டால் இவோனி வாசல் தெரியாமல் ஜெபித்துக்கொண்டே இருப்பார். நாத்தான் என்னைப் பார்த்தான். அவன் உதட்டோரம் நீலமாக இருந்தது.

"நான் குடுத்தேன்" என்றேன்.

அம்மாவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நான்தான்மா குடுத்தேன். டோனா சுல்மீராவோட பையிலிருந்து."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாத்தானைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். மதிலில் கையால் அறைந்தாள்.

"சுல்மீரா. வெளிய வா. என் பிள்ளைக்கு என்ன வச்சுக் குடுத்த? எதுக்குப் படைச்ச? அதைச் சொல்லு."

சுல்மீரா மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்தார். முதலில் சண்டைக்குத்தான் வந்தார். வெளியே போகக் கிளம்பியிருக்கிறார் போல; உதட்டில் சாயம், கையில் கார் சாவி. நான் எதற்கும் எதையும் படைக்கவில்லை, மதுரெய்ராச் சந்தையில் எல்லாரும் வாங்குகிற கடையில் வாங்கினேன், உன் புத்தி ஏன் இப்படிப் போகிறது என்று ஆரம்பித்தார். பிறகு நாத்தானின் முகத்தைப் பார்த்தார். குரல் அப்படியே மாறியது.

"என்ன தின்னான்?" என்று என்னிடம் கேட்டார். அம்மாவிடம் இல்லை.

"பசோக்கா."

"கடலை. ஏய் ரொசினெட்டே, இது பிசாசு இல்லடி. என் தங்கச்சி பையனுக்கு இறால் தின்னா இப்படித்தான் வரும். தொண்டை அடைச்சுக்கும். ஊசி போடணும், இப்பவே. காரை எடுக்கிறேன், வாசலுக்கு வா."

அம்மா நகரவில்லை. இவோனியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை நீண்ட நேரம் நீடித்தது போல எனக்கு இருந்தது. ஒருவேளை இரண்டு மூச்சு நேரம்தான். இவோனி எண்ணெய்ப் புட்டியை மூடினார். "போ" என்றார். "நான் இங்கேர்ந்து ஜெபிக்கிறேன். நீ போ."

சுல்மீராவின் கார் ஒரு பழைய வெள்ளை ஊனோ. அம்மா பின் சீட்டில் நாத்தானோடு ஏறினாள். நான் முன்னால் ஏறினேன். காலை வைக்க இடமில்லை. இரண்டு பெரிய பிளாஸ்டிக் மூட்டைகள் இருந்தன, நிறைய மிட்டாய்ப் பைகள். வருடா வருடம் காலையில் பாதியை வாசலில் கொடுத்துவிட்டு, மாலையில் மீதியைக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவசர மருத்துவ நிலையம் ரயில் பாதைக்கு அந்தப்புறம் இருக்கிறது. காரில் ஏழு நிமிடம். முதல் தெருவைத் தாண்டினோம். பேக்கரி இருக்கும் தெருவில் திரும்பினோம். அங்கே ஒரு வீட்டு வாசலில் வரிசை நின்றது, நாற்பது ஐம்பது பிள்ளைகள். தெருவை அடைத்து நின்றார்கள். சுல்மீரா வேகத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு, விலகட்டும் என்று ஹாரனை அடித்தார்.

அவர் கை ஹாரனில் விழுந்த பிறகுதான் அவருக்கும் எனக்கும் புரிந்தது.

வரிசை உடைந்தது. "வெள்ளைக் கார், சுல்மீரா கார்" என்று யாரோ கத்தினார்கள். அத்தனை பிள்ளைகளும் எங்களைப் பார்த்து ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் இன்ஜின் மூடி மேல் படுத்தார்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் உள்ளங்கைகள். சந்துகளிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள், பைகளை வயிற்றில் கட்டிக்கொண்டு, அக்காமார் தம்பிகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு. சுல்மீரா கண்ணாடியை இறக்கி, பிள்ளை சாகக் கிடக்கிறது, விலகுங்கள் என்று கத்தினார். இறங்கிய கண்ணாடி வழியாக இருபது கைகள் உள்ளே நுழைந்தன. வருடா வருடம் கண்ணாடி இறங்கினால் மிட்டாய் வரும். அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

பின் சீட்டில் அம்மா நாத்தானின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நாத்தான் அவள் மடியில் தலை சாய்ந்து கிடந்தான். விசில் சத்தம் விட்டுவிட்டுத்தான் வந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

நான் கதவைத் திறந்தேன். கூட்டம் அழுத்தியதில் ஒரு கை அகலம்தான் திறந்தது. முதுகால் தள்ளினேன். ஒரு மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். இன்னொன்றையும் இழுத்தேன். சுல்மீராவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கையிலதான் குடுக்கணும்னு வேண்டுதல்" என்றார். பிறகு, "பரவாயில்ல. எறி. ஓடு."

வெளியே இறங்கி நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் காரின் மேல்தான். எல்லாரும் திரும்பிப் பார்க்க வேண்டும். வகுப்பில் நான் எதற்குப் பயந்து செத்தேனோ அதுவே நடக்க வேண்டும். வாயைத் திறந்தேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. ஒரு பையை எடுத்துத் தலைக்கு மேல் உயர்த்தினேன்.

"மிட்டாய் இங்க இருக்கு" என்று கத்தினேன். "கார்ல இல்ல. எல்லாம் எங்கிட்ட இருக்கு. இங்க வாங்க."

அது என் குரல் மாதிரியே இல்லை. கரகரவென்று, தடித்து, வேறு யாருடையதோ மாதிரி வந்தது. ஐம்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின.

ஓடினேன். கார் வந்த வழியிலேயே திரும்பி, பேக்கரியைத் தாண்டி ஓடினேன். ஓடிக்கொண்டே பைகளை எடுத்துப் பின்னால் எறிந்தேன். பின்னால் நூறு காலடிகள் வந்தன. மழை தகரக் கூரையில் இறங்குவது போல் இருந்தது. யாரோ மூட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அது கிழிந்தது. நான் முகம் குப்புற விழுந்தேன். என் மேல் ஏறி விழுந்தார்கள். முழங்கால்கள், முழங்கைகள், வியர்வை வாடை, சர்க்கரை வாடை. ஒரு கை என் தலைமுடியைப் பற்றிக்கொண்டு எழுந்தது. காது தரையில் அழுந்தியிருந்தது. தரை வழியாகக் கார் இன்ஜின் உறுமியதும், பிறகு தூரமாகப் போனதும் கேட்டது.

எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிட்டாய் தீர்ந்ததும் பிள்ளைகளும் தீர்ந்துபோனார்கள். அடுத்த ஹாரன் எங்கோ கேட்டது, அந்தப் பக்கம் ஓடினார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் நின்று, என் முழங்காலைக் காட்டி, "ரத்தம் வருது" என்று சொல்லிவிட்டு அவளும் ஓடினாள்.

ஒரு செருப்பைக் காணோம். மற்றதையும் கழற்றிவிட்டு நடந்தேன். ஓடியிருக்கலாம். கால்கள் ஓட மறுத்தன. போய்ச் சேராதவரைக்கும் அவன் சாகவில்லை என்று என்னவோ ஓர் எண்ணம். ரயில் பாதை மேம்பாலத்தில் ஏறி நடுவில் நின்றேன். கீழே ஒரு ரயில் போனது. இன்னொன்று போகட்டும் என்று நின்றேன். அதுவும் போனது. அதற்கப்புறம் நிற்பதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மருத்துவ நிலையத்தின் வாசலில் சுல்மீராவின் கார் கதவு திறந்தபடியே நின்றது. இருக்கையில் யாருமில்லை. பின் சீட்டில் நாத்தானின் ஒரு காலுறை கிடந்தது. காவலாளி என்னை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பெயரைச் சொன்னால், இல்லை என்று சொல்லிவிடுவாரோ. என் முழங்காலைப் பார்த்துவிட்டு, நானே நோயாளி என்று நினைத்து உள்ளே விட்டார்.

நீளமான நடைபாதை. கடைசியில் ஒரு பெஞ்சில் சுல்மீரா முழங்கையைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதட்டுச் சாயம் கன்னம் வரை இழுத்திருந்தது. என்னைப் பார்த்தும் எழவில்லை.

"தொடையில ஊசி போட்டாங்க" என்றார். "ரெண்டு ஊசி. முதல்ல ஒண்ணும் ஆகல. ரெண்டாவதுக்குத்தான் அழுதான். என்னா அழுகை. நர்ஸைக் கடிச்சு வச்சுட்டான்." அதைச் சொல்லிவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தாள். நாத்தானைக் காலை வரைக்கும் வைத்துப் பார்ப்பார்களாம். மறுபடியும் வரலாமாம். காலையில் ஒரு தடவை வந்து அடங்கியது எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா இதையெல்லாம் சுல்மீராவிடம்தான் சொன்னாள். சுல்மீராவின் முகத்தைப் பார்க்காமல், அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் எதிரே வந்து குந்தினாள். என் முழங்காலைப் பார்த்தாள். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"நீ எத்தனை தின்ன?"

"மூணு."

"எப்ப?"

"காலைல. அவன் தின்னப்பவே."

என் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். உதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். சட்டைக் கையைச் சுருட்டி இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் வந்த நர்ஸ், இவ்வளவு நேரம் ஒன்றும் ஆகவில்லையென்றால் இனி ஆகாது என்று சொன்னார். அம்மா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்கும் தெரியவில்லை. கடலைக்கா, மற்றதற்கா. அவளுக்கே தெரிந்திருக்காது. உள்ளங்கையை என் தொண்டையில் வைத்தாள். கை ஜில்லென்றிருந்தது.

"பேசு" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது. தொண்டை திறந்திருக்குன்னு எனக்குத் தெரியணும். நிறுத்தாத."

கதவுக்கு அப்பால் நாத்தான் இருமினான். அம்மாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. கை மட்டும் என் தொண்டையை விட்டு நகரவில்லை. நான் பேசத் தொடங்கினேன். மதில் மேல் தெரிந்த தலையிலிருந்து ஆரம்பித்தேன். தொட்டி, அழுக்குத் துணி, ரோஜா நிறத் தாள். அவன் வாயை நான் பொத்தியது வந்தபோது குரல் உடைந்து நின்றது. அம்மாவின் விரல்கள் தொண்டையில் இறுகின.

"ம்" என்றாள். "அப்புறம்?"